வல்லரசுப் போட்டியும் விசேட படைகளும்: மண்டூர்த் துறையிலிருந்து ஒரு நோக்கு

உலகச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்போர் அண்மைக்காலமாக ஒரு சொற்றொடரை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். உக்ரெயினின் விசேட படைகளுக்கு மேற்கு நாடுகள் அளித்த பயிற்சி, தாய்வானில் தங்கியிருந்த அமெரிக்கப் பயிற்சியாளர்கள், கிரைமியாவில் அடையாளச் சின்னம் எதுவுமின்றி வந்திறங்கிய ரஷ்யச் சிப்பாய்கள் என எங்கு நோக்கினும் விசேட படை பற்றிய பேச்சாகவே உள்ளது. வல்லரசுகளுக்கிடையிலான போட்டி மீண்டும் கூர்மையடைந்துள்ள இக்காலத்தில் இது வியப்புக்குரியதன்று. எனினும் இதனை எங்கோ தொலைதூரத்தில் நடக்கும் விவகாரமெனப் புறந்தள்ளிவிட மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மக்களால் இயலாது. வல்லரசுகளின் விசேட படைக் கலையை அவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே தமது வயல் வரம்புகளிலும் வாவிக் கரைகளிலும் கண்டவர்கள். கண்டபோது அதன் பின்னணியை அறியாதிருந்தார்கள் என்பதே துயரம்.

மண்டூரை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில், போரதீவுப்பற்றில் அமைந்த பழமையான ஊர் அது. முருகன் ஆலயத்தின் சிறப்பால் சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படுவது. எழுவான்கரையின் குருமண்வெளியிலிருந்து வாவியைக் கடந்தே மக்கள் நெடுங்காலமாக அங்கு சென்றுவந்தனர். அத்துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை இப்பகுதியார் 'பாதை' என்பர். வெளியூரார் அச்சொல்லைக் கேட்டுத் தெருவைத் தேடி அலைவதுண்டு. தரைவழியே செல்ல விரும்புவோர் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிச் செல்ல வேண்டும். யுத்த காலத்தில் இந்த வாவியே எல்லைக்கோடாயிற்று. கிழக்குக் கரையில் களுவாஞ்சிக்குடியில் பொலிஸ் விசேட அதிரடிப்படையின் முகாம். மேற்குக் கரையில் விடுதலைப் புலிகளின் ஆட்சி. அரசின் மொழியில் அது 'விடுவிக்கப்படாத பகுதி'. சீமெந்து, யூரியா, மின்கலம் ஆகியவற்றைக் கொண்டுசெல்வதற்கும் தடையும் கட்டுப்பாடும் இருந்தன. படுவான்கரையில் வயற்காணி வைத்திருந்த முஸ்லிம் போடிமாரும் குத்தகைக்காரரும் ஆண்டுக்கணக்காகத் தமது நிலத்தில் கால்வைக்க முடியாதிருந்தனர்.

வாவியின் இரு கரைகளிலும் ஆயுதத்துடன் நின்ற இளைஞர்களை யார் பயிற்றுவித்தனர் என்ற கேள்விக்கு விடை தேடும்போதுதான் நமது ஊர்க்கதை உலக அரசியலோடு இணைகின்றது. அதற்கு முன் விசேட படை என்றால் என்னவென்பதைச் சுருக்கமாக விளக்குவது அவசியம்.

சாதாரண இராணுவம் நிலத்தைப் பிடித்து வைத்திருப்பதற்கானது. அது பெரியது, வெளிப்படையானது, செலவு மிக்கது. விசேட படை இதற்கு நேர்மாறானது. சிறு அணிகளாக எதிரியின் பின்புலத்தில் ஊடுருவித் தாக்குவது, வேவு பார்ப்பது, ஒரு குறிப்பிட்ட தலைவரையோ நிலையத்தையோ இலக்கு வைப்பது ஆகியவை அதன் அறியப்பட்ட பணிகள். பிரித்தானியாவின் எஸ்.ஏ.எஸ். படை 1941 ஆம் ஆண்டு வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் இத்தகைய வேலைக்காகவே உருவாக்கப்பட்டது. சினிமாக்கள் காட்டுவதும் இதனையே. ஆயினும் வல்லரசுப் போட்டியில் இதைவிட முக்கியமான வேறொரு பணி உண்டு. பிறநாட்டவருக்குப் பயிற்சியளித்து, அவர்களைக் கொண்டு போரிடச் செய்வதே அது. 1952 இல் அமெரிக்கா அமைத்த, பச்சைத் தொப்பியினர் என அறியப்படும் விசேட படையணியின் அடிப்படை நோக்கமே பிறநாட்டுப் போராளிகளைத் திரட்டிப் பயிற்றுவிப்பதுதான்.

அணுகுண்டு வந்த பின்னர் வல்லரசுகள் ஒன்றையொன்று நேரடியாகத் தாக்குவது தற்கொலைக்கு ஒப்பானதாயிற்று. ஆனால் போட்டி ஓயவில்லை; அது மூன்றாம் நாடுகளின் மண்ணுக்கு இடம் மாறியது. அங்கு ஒரு படைப்பிரிவை அனுப்பினால் உலகம் கேள்வி கேட்கும், சொந்தப் பாராளுமன்றம் கணக்குக் கேட்கும். பன்னிரண்டு பயிற்சியாளரை அனுப்பினால் எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் மறுத்துவிடலாம். 1979 டிசம்பரில் காபூல் அரண்மனையைத் தாக்கி ஆப்கான் தலைவர் ஹபிசுல்லா அமீனைக் கொன்ற சோவியத் விசேட அணியினர் ஆப்கான் சீருடையே அணிந்திருந்தனர். 2014 இல் கிரைமியாவில் தோன்றிய சின்னமற்ற சிப்பாய்கள் தம்முடையவர்கள் அல்லர் என்று முதலில் கூறிய மொஸ்கோ, காரியம் முடிந்த பின்னரே அதனை ஒப்புக்கொண்டது. 'மறுக்கக்கூடியதாக இருத்தல்' என்பது விசேட படையின் ஆயுதங்களுள் தலையாயது என்பதை வாசகர்கள் மனதிற் கொள்ள வேண்டும். இலங்கையில் நடந்ததை விளங்கிக்கொள்ள அதுவே திறவுகோல்.

1983 ஜூலைக் கலவரத்தின் பின்னர் ஜே.ஆர். ஜயவர்தன அரசு வெளிநாட்டு இராணுவ உதவியைத் தேடி அலைந்தது. அமெரிக்கா நேரடியாக முன்வரவில்லை. பிரித்தானியாவோ இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தது. கொழும்பில் மேற்குச் சார்பான அரசு ஒன்று நிலைப்பதும் திருகோணமலைத் துறைமுகம் வேற்றுக் கையில் விழாதிருப்பதும் அதற்கு வேண்டியிருந்தன. அதேவேளை பெருஞ்சந்தையும் ஆயுதக் கொள்வனவாளருமான இந்தியாவைப் பகைக்கவும் அது விரும்பவில்லை. இச்சிக்கலுக்குக் கண்ட வழிதான் 'கீனி மீனி சேர்விசஸ்' என்ற தனியார் நிறுவனம். முன்னாள் எஸ்.ஏ.எஸ். அதிகாரிகள் 1970 களின் நடுப்பகுதியில் தொடங்கிய நிறுவனம் இது. ஏடனில் பிரித்தானியப் படையினர் மாறுவேடமிட்டு நடத்திய இரகசிய வேலைகளுக்கு வழங்கிய பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று என்பர்.

1984 இல் இந்நிறுவனத்தின் பயிற்றுநர்கள் இலங்கை வந்தனர். பொலிஸ் திணைக்களத்தின் கீழ் அப்போது புதிதாக உருவாகிக்கொண்டிருந்த விசேட அதிரடிப்படைக்குக் களுத்துறை மாவட்டத்தின் கட்டுக்குருந்தையில் அவர்கள் பயிற்சியளித்தனர். ஜனாதிபதியின் புதல்வரும் பாதுகாப்பு ஆலோசகருமான ரவி ஜயவர்தன அப்படையின் உருவாக்கத்தில் முக்கிய பங்கு வகித்தார். பயிற்சியோடு காரியம் நின்றுவிடவுமில்லை. நிறுவனத்தின் விமானிகள் இலங்கை விமானப்படையின் ஹெலிகொப்டர்களை யுத்தப் பணிகளில் செலுத்தினர். அவர்களுள் ஒருவர் தமது அனுபவங்களைப் பின்னர் நூலாகவே வெளியிட்டார். இந்தியா ஆட்சேபித்தபோதெல்லாம் இது ஒரு தனியார் வர்த்தகம், அரசுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று இலண்டன் பதில் கூற முடிந்தது. இதே நிறுவனத்தின் டேவிட் வோக்கரது பெயர்தான் 1987 இல் அமெரிக்க காங்கிரஸ் நடத்திய ஈரான் – கொன்ட்ரா விசாரணையில் நிக்கரகுவா தொடர்பாக வெளிவந்தது. சோவியத் சார்பு அரசொன்றை வீழ்த்த முயன்ற வொஷிங்டனின் மறைமுகப் போரிலும், கொழும்பின் உள்நாட்டுப் போரிலும் ஒரே கடையின் சரக்கு விலைபோயிற்று.

இன்னொரு கதவு வழியாக இஸ்ரேல் வந்தது. 1970 இல் துண்டிக்கப்பட்ட உறவு, 1984 இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தினுள் திறக்கப்பட்ட 'இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவு' என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டது. இஸ்ரேலிய பாதுகாப்புத் துறையினர் இலங்கைப் படையினருக்குப் பயிற்சியளிக்கலாயினர். அன்றைய வெளிவிவகார அமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீத் ஒரு முஸ்லிம். நாட்டின் தேயிலைக்கும் தொழிலாளருக்கும் பெருஞ்சந்தையாக அரபு நாடுகள் விளங்கின. எனினும் அரசு பின்வாங்கவில்லை. முஸ்லிம் மக்கள் நாடெங்கும் எதிர்ப்புத் தெரிவித்தனர். கிழக்கில் அவ்வெதிர்ப்பு வலுவாக இருந்தது. 1990 இல் ஜனாதிபதி பிரேமதாச அப்பிரிவை மூடினார். 2000 ஆம் ஆண்டில் உறவு மீண்டும் ஏற்படுத்தப்பட்டது. மொசாட்டின் முன்னாள் உறுப்பினர் ஒஸ்ட்ரோவ்ஸ்கி 1990 இல் வெளியிட்ட நூலில், இலங்கைப் படையினரையும் தமிழ்ப் போராளிகளையும் ஒரே காலத்தில் ஒருவருக்கொருவர் தெரியாமல் இஸ்ரேல் பயிற்றுவித்தது என்று எழுதினார். அது இங்கு பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது, ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. அக்கூற்று நிறுவப்பட்ட உண்மை என நாம் கொள்ளவில்லை. ஆனால் மக்கள் அதனை நம்பத் தயாராக இருந்தனர் என்பதே கவனிக்கத்தக்கது.

இனி வாவியின் மறுகரைக்கு வருவோம். 1983 முதல் தமிழ் இளைஞர்கள் படகேறித் தமிழகம் சென்றனர். மட்டக்களப்பிலிருந்தும் சென்றனர். அவர்களுக்கு இந்தியா ஆயுதமும் பயிற்சியும் அளித்தது. தமிழ் மக்கள்பால் கொண்ட அனுதாபம் மாத்திரமே இதற்குக் காரணமென அன்று பலர் நம்பினர். அனுதாபம் இருந்தது உண்மையே; தமிழகத்து மக்களின் அனுதாபம் ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் புதுடில்லியின் கணக்கில், அமெரிக்கா, பிரித்தானியா, இஸ்ரேல், பாகிஸ்தான் ஆகியவற்றை அயலுக்கு அழைத்துவந்த கொழும்பை வழிக்குக் கொண்டுவருவது பிரதான நோக்காக இருந்தது. பயிற்சி நடந்த இடங்களுள் வட இந்தியாவின் சக்ராத்தாவும் ஒன்று எனப் பலர் பதிவுசெய்துள்ளனர். சக்ராத்தா என்பது இந்தியாவின் விசேட எல்லைப்புறப் படையின் தளம். 1962 ஆம் ஆண்டு சீனப் போரின் இறுதியில், திபெத்திய அகதி இளைஞர்களைக் கொண்டு, அமெரிக்க உளவு நிறுவனத்தின் உதவியுடன் அமைக்கப்பட்ட படை அது.

இதனைச் சற்று நின்று நோக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். எழுவான்கரையில் நின்ற சிங்கள இளைஞனுக்குப் பயிற்சியளித்தவர்கள் ஏடனிலும் ஓமானிலும் பிரித்தானியப் பேரரசின் இறுதிப் போர்களைச் செய்தவர்களின் வழிவந்தோர். படுவான்கரையில் நின்ற தமிழ் இளைஞனின் தலைவர்களுக்குப் பயிற்சியளித்த அமைப்போ, சீனாவுக்கு எதிராக அமெரிக்க உதவியுடன் எழுப்பப்பட்டது. இவ்விரு இளைஞருக்கும் ஏடனைப் பற்றியோ திபெத்தைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. மண்டூர்த் துறையில் பாதைக்காகக் காத்துநின்ற கமக்காரனுக்கு இரண்டுமே தெரியாது.

இந்த மறைமுகப் போட்டிக்கு எழுத்திலான சான்றும் உண்டு. 1987 ஜூலை 29 இல் கைச்சாத்திடப்பட்ட இந்திய – இலங்கை உடன்படிக்கையைப் பற்றிப் பேசுவோர் மாகாண சபையையும் வடக்கு, கிழக்கு இணைப்பையும் பற்றியே பேசுவர். அதனுடன் ராஜீவ் காந்தியும் ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை வாசிப்போர் குறைவு. இலங்கையிலுள்ள வெளிநாட்டு இராணுவ, புலனாய்வு ஆட்கள் பற்றி விரைவில் ஓர் இணக்கத்துக்கு வருவது அக்கடிதத்தின் முதல் விடயம். திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்நாட்டின் இராணுவமும் பயன்படுத்த விடலாகாது என்பது இரண்டாவது. எண்ணெய்க் குதங்களும் வெளிநாட்டு வானொலி நிலையங்களும் அடுத்து வருகின்றன. தமிழரின் உரிமைக்கென எழுந்த உடன்படிக்கையின் மடிப்புக்குள் கீனி மீனியும் மொசாட்டும் இருந்தன.

உடன்படிக்கையின் பின்னர் வந்த இந்திய அமைதிப்படைக்கு நேர்ந்ததை வாசகர்கள் அறிவர். 1987 ஒக்டோபர் 11 ஆம் திகதி இரவு, புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக யாழ். பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியப் பரா கமாண்டோக்களும் சீக்கிய இலகு காலாட்படையினரும் ஹெலிகொப்டரில் இறங்கினர். தகவல் முன்னரே கசிந்திருந்தது. இறங்கிய சீக்கியச் சிப்பாய்கள் முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் மாண்டனர், ஒருவர் சிறைப்பட்டார். இந்தியா பயிற்றுவித்த கைகளே இந்தியாவின் தெரிவுசெய்யப்பட்ட படையினரைச் சுட்டன. பயிற்சியளித்தவனுக்குப் பயிற்சி பெற்றவன் என்றென்றும் கட்டுப்பட்டிருப்பான் என்ற எண்ணத்துக்கு இதைவிடக் கொடிய மறுப்பு தேவையில்லை. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா கற்றுக்கொண்டதும் இதுவே.

கிழக்கு மண்ணில் விளைந்தவற்றுக்கு வருவோம். 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழ் – முஸ்லிம் கலவரம் மூண்டது. தமிழரின் வீடுகள் எரிக்கப்பட்டன. கலகக்காரருக்கு அதிரடிப்படையினர் துணைநின்றனர் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. இஸ்ரேலிய நலன் பிரிவுக்கு எதிராக முஸ்லிம் மக்கள் போராடிக்கொண்டிருந்த, தமிழ் இளைஞரிடையே அப்போராட்டத்துக்கு ஆதரவு தோன்றியிருந்த வேளையில் இக்கலவரம் மூண்டது. 1986 பெப்ரவரியில் அக்கரைப்பற்றுக்கு மேற்கே உடும்பன்குளத்தில் சூடடித்துக்கொண்டிருந்த தமிழ்க் கமக்காரர் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். அதிரடிப்படையினரோடு முஸ்லிம் ஊர்காவலரும் அதில் சம்பந்தப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. உள்ளூர்ச் சமூகங்களை ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை நிறுத்தி, ஒன்றிலிருந்து துணைப்படை திரட்டுவது பிரித்தானியரின் குடியேற்றகாலக் கிளர்ச்சி ஒழிப்பு முறைகளுள் ஒன்று. மலாயாவிலும் கென்யாவிலும் கையாளப்பட்டது. அது பாடத்திட்டத்தோடு வந்ததா, இங்குள்ளோர் தாமே கண்டுபிடித்ததா என்பதை நாம் அறுதியிட்டுக் கூறவில்லை. விளைவு ஒன்றே.

1987 ஜனவரி 28 இல் மண்டூருக்கு வடக்கே, அதே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் அதிரடிப்படை ஒரு நடவடிக்கையை மேற்கொண்டது. அங்கு அமைந்திருந்த இறால் பண்ணையின் தொழிலாளர் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்தன. கொல்லப்பட்டோர் பயங்கரவாதிகள் என்பது அரசின் நிலைப்பாடு. 1991 ஜூன் 12 இல் அதே பகுதியில் மகிழடித்தீவில் நிகழ்ந்த இரண்டாவது படுகொலை இராணுவத்தினரால் நிகழ்த்தப்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோர் உளர்.

பழியை ஒரு பக்கமே சுமத்துவது நமது நோக்கமன்று. 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த பொலிஸார் 600 பேரளவில் புலிகளால் கொல்லப்பட்டனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூர். இரவில் வந்து, விரைந்து தாக்கி, வந்த தடம் தெரியாது மறையும் கலையைக் கற்றவர்கள் அதனைத் தொழுகையில் இருந்த முதியோர் மீதும் சிறுவர் மீதும் பிரயோகித்தனர். தமிழர் தரப்பில் இதனைச் சொல்லத் தயங்குவோர் இன்றும் உள்ளனர். கொக்கட்டிச்சோலைக்கு நீதி கேட்கும் வாய் காத்தான்குடியைப் பற்றி மௌனித்தால் அக்கேள்விக்கு வலுவிராது.

அதிரடிப்படையைப் பற்றியும் ஒரே நிறத்தில் எழுதுவது பொருந்தாது. 1990 களில் மட்டக்களப்பின் தெற்கே அப்படை இராணுவத்தைவிடக் கட்டுப்பாட்டுடன் நடந்துகொண்டது என மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் சங்கத்தின் அறிக்கைகளே குறிப்பிட்டன. அதே காலப்பகுதியில், 1995 இல், கொழும்புக்குத் தெற்கே பொல்கொட ஏரியில் தமிழ் இளைஞரின் சடலங்கள் மிதந்தபோது கைதானோரும் அதிரடிப்படையினரே. அவ்வழக்கு தண்டனை வரை செல்லவில்லை. 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்ட வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட அதிரடிப்படையினர் பதின்மூவரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியமின்மையால் விடுவிக்கப்பட்டனர். 2006 செப்டெம்பரில் பொத்துவில் இரத்தல்குளத்தில் முஸ்லிம் தொழிலாளர் பத்துப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டபோது அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டியது. பொத்துவில் மக்களோ அதிரடிப்படையைச் சந்தேகித்து, முகாமை அகற்றுமாறு வீதிக்கிறங்கினர். ஒரு படை தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லாத வழக்கத்தில் வளர்க்கப்படுமாயின், அது செய்யாததற்கும் பழி சுமக்க நேரும்.

பயிற்சியளித்தோரின் கதை என்னவாயிற்று? 1978 முதல் 1980 வரையான காலத்து இலங்கை தொடர்பான ஏறத்தாழ 200 கோப்புகளைப் பிரித்தானிய வெளியுறவு அமைச்சு அழித்துவிட்டதென்பது 2018 இல் தெரியவந்தது. பிரித்தானிய உளவுத்துறையும் எஸ்.ஏ.எஸ்.ஸும் கொழும்புக்கு ஆலோசனை வழங்கிய ஆண்டுகள் அவை. எஞ்சிய ஆவணங்களை ஆராய்ந்து ஊடகவியலாளர் பில் மில்லர் 2020 இல் கீனி மீனி பற்றிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் இலண்டன் மாநகரப் பொலிஸின் யுத்தக்குற்றப் பிரிவு அந்நிறுவனத்தின் இலங்கை நடவடிக்கைகள் பற்றிய விசாரணையைத் தொடங்கியது. நிகழ்ந்தவற்றுக்கும் விசாரணைக்கும் இடையே 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

இவையெல்லாம் பழங்கதை, பனிப்போர் முடிந்துவிட்டது எனக் கூறுவோருக்கு ஒரு வார்த்தை. 2001 இன் பின்னர் வல்லரசுகளின் விசேட படைகள் பயங்கரவாத ஒழிப்பு என்ற பெயரில் பெருகின. அமெரிக்காவின் விசேட நடவடிக்கைக் கட்டளைப்பீடம் இன்று 70,000 பேரளவிலான ஆளணியைக் கொண்டது. 2018 ஜனவரியில் வெளியான அமெரிக்கப் பாதுகாப்பு மூலோபாய ஆவணம், பயங்கரவாதத்தைவிட சீனா, ரஷ்யா ஆகியவற்றுடனான போட்டியே தலையாய கவலை என அறிவித்தது. அன்று தொட்டு இப்பெரும் படையமைப்புக்குப் புதிய வேலை தேடப்படுகின்றது. பழைய வேலையே புதிய வேலையாகக் கண்டெடுக்கப்பட்டுள்ளது: சிறு நாடுகளின் படைகளைப் பயிற்றுவித்து நட்பு வளர்ப்பது, அந்நாட்டின் கரைகளையும் துறைகளையும் அறிந்துகொள்வது, போட்டியாளன் அங்கு காலூன்றாமல் தடுப்பது. தாய்வானில் அமெரிக்கப் பயிற்சியாளர் இருப்பதை அதன் ஜனாதிபதி சாய் இங்-வென் 2021 ஒக்டோபரில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். இந்தியா தனது திபெத்தியப் படையை 2020 ஆகஸ்டில் லடாக் மலைமுகடுகளில் சீனாவுக்கு எதிராக நிறுத்தியது. சக்ராத்தாவின் பழைய பணி அதுதான்.

இலங்கைக்கு இவர்கள் அனைவரும் வந்துபோகின்றனர். 1990 களிலிருந்து அமெரிக்கப் பச்சைத் தொப்பியினர் இங்கு பயிற்சியளித்து வந்துள்ளனர். இந்தியாவுடன் 'மித்ர சக்தி' கூட்டுப் பயிற்சி நடைபெறுகின்றது. 2010 முதல் இலங்கை இராணுவம் நடத்திய 'நீர்க்காகம்' கூட்டுப் பயிற்சிகளில் அமெரிக்கா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் படையினர் ஒரே களத்தில் பங்குபற்றியதுண்டு. தம்முள் முறுகி நிற்போர் இங்கு ஒன்றுகூடி நீந்துவதும் குதிப்பதும் நட்பின் அடையாளம் என மகிழ்வோர் மகிழட்டும். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்கவே வருகின்றனர் என்பது நமது எண்ணம். 2025 ஏப்ரலில் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு கைச்சாத்தானபோது, அதன் வாசகம் மக்கள் முன் வைக்கப்படவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. 1987 இன் கடிதங்களுக்கும் இதற்கும் இடையே நடைமுறையில் அதிக மாற்றமில்லை.

2024 ஒக்டோபரில், அறுகம்பேயில் தாக்குதல் நிகழலாம் என அமெரிக்கத் தூதரகம் தனது பிரஜைகளை எச்சரித்தது. அங்கு தங்கியிருந்த இஸ்ரேலியச் சுற்றுலாப் பயணிகளின் பாதுகாப்புக்காகப் பொலிஸாரோடு அதிரடிப்படையினரும் பொத்துவில் பகுதியில் நிறுத்தப்பட்டனர். எந்நாட்டுப் பயணியாயினும் அவரது உயிரைக் காப்பது அரசின் கடமை. அதில் நமக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் அமெரிக்கத் தூதரகம், இஸ்ரேல், அதிரடிப்படை என்ற மூன்று பெயர்களும் ஒரே செய்தியில் வந்தபோது பொத்துவில் முஸ்லிம் ஒருவரது மனதில் 1984 நிழலாடியிருக்குமாயின் அவரைக் குறைகூற முடியாது. அந்த அச்சத்தைப் போக்க அதிகாரிகளின் உறுதிமொழி போதாது. யாருக்கு யார் பயிற்சியளிக்கின்றனர், எவ்வுடன்பாட்டின் கீழ், தவறு நேர்ந்தால் விசாரிப்பவர் யார் என்பவை பாராளுமன்றத்தில் பதிவாக வேண்டும். மட்டக்களப்பு, திகாமடுல்ல மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் உறுப்பினர்கள் இக்கேள்வியைச் சேர்ந்து எழுப்புவதற்குக் கட்சி வேறுபாடு தடையாகாது.

அவர்கள் சேர்ந்து செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. இலண்டன் விசாரணைக்கு ஆவணங்களைவிட ஆட்களே தேவை. ஹெலிகொப்டரில் வெள்ளையரைக் கண்டவர்கள், காரைதீவில் வீடிழந்தவர்கள், உடும்பன்குளத்திலும் கொக்கட்டிச்சோலையிலும் உறவினரைத் தேடி எடுத்து அடக்கியவர்கள் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்கின்றனர். 1987 இல் முப்பத்தைந்து வயதாயிருந்தவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. அவர்களது வாக்குமூலங்களை முறைப்படி, சட்டத்தரணிகளின் முன்னிலையில், தமிழில் பதிவுசெய்யும் வேலையை எந்தப் பொது அமைப்பும் நாளையே தொடங்கலாம். மண்டூர், கொக்கட்டிச்சோலை, காரைதீவு, பொத்துவில் ஆகிய நான்கு இடங்களில் ஒவ்வொரு மேசையும் ஒரு சட்டத்தரணியும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.